தொமிஸ்லாவ்களின் கொப்பி

மாப்பசையின் புளித்த வாசனை எங்கேனும் அடித்தால், இன்றும் எனக்குக் குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்பது போலிருக்கும். எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில், நாங்கள் குடியேறிய இத்தாலிய நகரின் பொலிதேயாமாப் பகுதியில் அம்மா துப்புரவு வேலை செய்த வீட்டுக்கு நானும் தினமும் போவேன். வீட்டுக்காரர் தொமிஸ்லாவ் என்ற குரோவேசிய முதியவர், அம்மாவுக்கு 'ஐயா'. அப்போது இத்தாலியன் தெரியாத அம்மாவுக்கு நான்தான் வாயும் காதும்.

ஐயாவிடம் தடித்த 'கொப்பி' ஒன்று இருந்தது. தம் பெயரைக் கொண்ட பெரிய மனிதர்களின் படங்களைப் பத்திரிகைகளிலிருந்து வெட்டி அதில் ஒட்டிவந்தார்: பழங்காலத்து அரசன், ஒரு சிற்பி, ஒரு விமானி, ஒரு கோல் கீப்பர். பசை தடவுவது என் வேலை. "எங்கள் ஊரில் இந்தப் பெயரைக் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புவார்கள், இங்கே நான் மட்டும்தான்" என்பார்.

நாங்கள் குடியிருந்த போர்கோ வெக்கியோவில் என் வகுப்புப் பெண்கள் கால்பந்து வீரர்களின் படங்களைச் சேர்த்துப் பீற்றிக்கொண்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. ஒருநாள் கோல் கீப்பரின் தாளைக் கிழித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய் அவர்களிடம் கொடுத்துவிட்டேன். அதன் மறுபக்கத்தில் இருந்தவர் அதே பெயருடைய மீனவர், ஐயாவின் அப்பா. ஐயாவிடம் இருந்த அப்பாவின் ஒரே படம் அது. எனக்குத் தெரியாததல்ல, ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாள் ஐயா கொப்பியை நெஞ்சோடு அணைத்தபடி வந்து, "அப்பாவின் படம் எங்கே? உன் அம்மாவிடம் கேள்" என்றார். நான் பயந்துபோய் அம்மாவிடம் திரும்பினேன்.

"பழைய பேப்பரெல்லாம் எறிஞ்சிட்டியளோ எண்டு கேக்கிறார், அம்மா."

"ஓம், ஒண்டும் மிச்சமில்லாமல் எறிஞ்சிட்டன் எண்டு சொல்லு" என்று அம்மா பெருமையாகச் சிரித்தார்.

"அம்மாதான் குப்பையில் போட்டாராம்" என்று அவருக்குச் சொன்னேன். ஐயா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இனி வரவேண்டாம் என்று அவர் சொன்னதையும் நான்தான் மொழிபெயர்த்தேன். அந்த வேலையைக் காட்டித்தான் எங்கள் 'பெர்மெஸ்ஸோ' என்ற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. வேலைக்கு வேறு வீடு கிடைக்கும்வரை அம்மா சீசாப் பகுதியில் முழங்கால் வீங்க மாடிப்படிகள் கழுவினார். பாவி நான், வாயே திறக்கவில்லை.

ஐயா இறந்து பல வருடங்களாகின்றன. அந்த வீட்டில் இப்போது ஒரு பல் வைத்தியர் இருக்கிறார். கொப்பி எங்கே போனதோ. போன மாதம் பேருந்தில் அவ்வழியே போகையில், இன்று என்னைவிட நன்றாக இத்தாலியன் பேசும் அம்மா சட்டென்று கேட்டார்:

"பிள்ளை, அண்டைக்கு அந்த மனுசன் என்னட்டை உண்மையா என்ன கேட்டவர்?"

"ஞாபகமில்லை அம்மா" என்றேன்.

"நல்ல மனுசன். நான்தான் ஏதோ பிழை விட்டிருப்பன்" என்றார் அம்மா.