நாலு கேள்விக்கும் இல்லை

அந்தச் சிறு மருத்துவமனையில் சீட்டு எழுதுகிற அக்காவுக்கு ஊரார் வயிறெல்லாம் அத்துப்படி. பெயர், வயது, என்ன தொந்தரவு என்று பதினேழு வருஷமாக எழுதிக் கொடுக்கிறாள். வருகிறவர்களில் பாதிப் பேர் வயிற்றுக்காரர்கள். சாப்பிட்டது செரிக்கவில்லை, நெஞ்சு எரிகிறது, ஏப்பமாக வருகிறது என்று, வீட்டில் யாரும் காது கொடுக்காத கதையை எல்லாம் ஜன்னல் கம்பி வழியாக அவளிடம் கொட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

அவள் மேசைக்கும் டாக்டர் அறைக்கும் நடுவே ஒரு துணித் திரைதான். வயிற்றுக்காரர்களிடம் டாக்டர் கேட்கும் நாலு கேள்வியும் அவளுக்கு மனப்பாடம். எடை குறைந்ததா? விழுங்கும்போது அடைக்கிறதா? வாந்தியில் ரத்தம் வந்ததா? மலம் கறுப்பாகப் போகிறதா? நாலுக்கும் இல்லை என்றால் மாத்திரையோடு வீட்டுக்குப் போகலாம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பெரிய மருத்துவமனைக்குக் கடிதம். அங்கே வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்ப்பார்கள். பேக்கரிக்காரர் அப்படித்தான் ஒரு ஆமாம் சொல்லிக் கடிதத்தோடு போனார். இரண்டு மாதம் கழித்து, மிச்சமிருந்த மாத்திரைகளைத் திருப்பிக் கொடுக்க அவர் மனைவி மட்டும் வந்தாள்.

தன் வயிறு எரியத் தொடங்கி ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது அக்கா செய்தது வேறு யாருக்கும் செய்யத் தெரியாத காரியம். டாக்டர் எதிரே உட்கார்ந்து நாலு கேள்விக்கும் கண் இமைக்காமல் "இல்ல டாக்டர்" என்றாள். அதில் இரண்டு பச்சைப் பொய். கூட வேலை செய்கிறவள் பொய் சொல்வாளா என்று அந்த மனுஷனும் நம்பி மாத்திரை எழுதினார்.

அன்று முழுக்கப் பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி திரிந்தாள். மறுநாளே பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு வாய்க்கும் தண்ணீர் குடித்துத்தான் உள்ளே தள்ள வேண்டியிருந்தது. மோதிரம் விரலில் நிற்காமல் நூல் சுற்றிப் போட்டாள்.

"என்ன, நாளுக்கு நாள் இளைச்சு கல்யாணப் பொண்ணு மாதிரி ஆயிட்டே வர்றே?" என்றார், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர். அவள் சிரித்துவிட்டுப் போய், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

ஆறு வாரம் இப்படிப் போனது. ஒரு காலையில், பள்ளி வேன் ஓட்டுகிற பெண் ஜன்னலருகே குனிந்து கிசுகிசுத்தாள். "அக்கா, உள்ள என்ன கேப்பாங்க? குழாய் விட்ருவாங்களோன்னு பயமா இருக்கு. என்ன சொன்னா மாத்திரையோட அனுப்பிடுவாங்க?"

"எல்லாத்துக்கும் இல்லன்னு..." என்று அக்காவின் வாய் ஆரம்பித்தேவிட்டது. அடுத்த நொடி நாக்கைக் கடித்துக்கொண்டாள். தான் கெட்டது போதாதென்று இந்தப் பெண்ணையும் சேர்த்துக் குழியில் தள்ளப் பார்த்தாளே!

"வேணாம்மா. உள்ளதை உள்ளபடி சொல்லு. ஒண்ணையும் மறைக்காதே."

வேன் ஓட்டும் பெண் மாத்திரையோடு வெளியே வந்தாள். அக்கா திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். உட்காரக்கூட இல்லை.

"டாக்டர், அன்னிக்கு உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். விழுங்கும்போது அடைக்குது. எடையும் ஆறு கிலோ குறைஞ்சிருக்கு."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

திட்டுவார் என்று நினைத்தாள், திட்டியிருந்தால் தேவலை. அவர் கடிதத் தாளை இழுத்து எழுத ஆரம்பித்தார்.

"பயமா இருக்கு டாக்டர்."

அழுகிறவர்களிடமெல்லாம் அவர் சொல்லும் 'ஒண்ணும் இருக்காதும்மா' திரை வழியாக எத்தனை ஆயிரம் தடவை அவள் காதில் விழுந்திருக்கும்! அந்த ஒரு வார்த்தைக்காக இப்போது காத்து நின்றாள்.

டாக்டர் கடிதத்தை மடித்து நீட்டினார்.

"எனக்கும்தாம்மா," என்றார். "வீட்டுக்காரரை வரச் சொல்லு. இன்னிக்கே போயிடு."