ஸ்பீக்கர் கடைக்கு ஸ்க்ரூடிரைவரோடு போனவன்

ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது ஒரு அடி நீள ஸ்க்ரூடிரைவரைக் கையோடு எடுத்துப் போன ஆள் வண்ணாரப்பேட்டை முழுக்கத் தேடினாலும் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைக்காரர் பாய், என் வயசுதான் இருக்கும். முதலில் ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தார், அப்புறம் என் மூஞ்சியைப் பார்த்தார். ரிப்பேருக்கு வந்தவன் என்று நினைத்திருப்பார். நான் பேச்சே கொடுக்காமல், பாடிக்கொண்டிருந்த ஒரு பெட்டியின் மேல் முனையை வைத்து, பிடியைக் காதோரத்து எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடிவிட்டேன்.

இது பைத்தியக்காரத்தனம் இல்லை, என் தொழில். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையத்தில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். பம்ப்போ மோட்டாரோ, எது மக்கர் பண்ணினாலும் பேரிங் மேல் ஸ்க்ரூடிரைவரை வைத்து இப்படித்தான் கேட்போம். உள்ளே கிரீஸ் குறைந்திருக்கிறதா, குண்டு தேய்ந்திருக்கிறதா, எல்லாம் எலும்பு வழியாக வந்துவிடும். இதில் நான் கில்லாடி. ஷிப்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். காதுக்கு மாட்டிக்கொள்ளக் கவசம் கொடுத்திருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அதை நான் கழுத்தில்தான் மாட்டியிருந்தேன். காதை மூடிக்கொண்டால் மெஷின் பேசுவது எப்படிக் கேட்கும்? ஒழுங்காக மாட்டிக்கொண்டவர்களுக்குப் 'பஞ்சு' என்று பட்டப்பெயர் வேறு வைத்தேன். அவ்வளவு திமிர்.

ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் ஒன்று உறைத்தது. சாயங்காலம் நான் டிவியைப் போட்டால் என் மனைவி மொட்டை மாடிக்குப் போய்விடுகிறாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்து மாத்தூருக்கு அனுப்பியாயிற்று. திருவொற்றியூர் வீட்டில் இருப்பது நாங்கள் இரண்டே பேர். அதில் ஒருத்தி மாடியில், ஒருத்தன் ஹாலில். பேச்சும் குறைந்துவிட்டது. எங்களுக்குள் பல வருஷமாக இருந்தது ஒரே ஒரு சண்டை, அவள் முணுமுணுக்கிறாள் என்பது. "மொணகாத, வாயத் தொறந்து பேசு" என்று நான் கத்துவேன். அவள் இன்னொரு தடவை சொல்லிப் பார்ப்பாள். நான் மறுபடி கத்தினால், ஒன்றுமில்லை என்று கையை ஆட்டிவிட்டுப் போய்விடுவாள். கடைசி இரண்டு வருஷமாக அந்த இன்னொரு தடவையும் இல்லை. இப்படியே போனால் மிச்ச காலத்தை யாரோடு ஓட்டுவது என்று எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இத்தனைக்கும் அவள் காசிமேட்டுக்காரி. அவளுடைய அம்மா மீன் ஏலத்தில் நின்றவர். கல்யாணத்துக்கு முன்னால் இவளும் கூடையோடு நின்று விலை கூவியவள்தான். நாலு போட் தள்ளி வலை உதறுகிறவன் திரும்பிப் பார்ப்பானாம். என்னைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு குரல் தேய்ந்துவிட்டது என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தேன்.

மாடிக்குப் போவதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். டிவியின் சத்தம் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது மாதிரி இருக்கிறது, அதான் ஓடுகிறாள். அவளுக்குப் பழைய பாட்டு என்றால் உயிர். டிவி சத்தத்தைப் பெருக்கி ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நல்ல ரிசீவர் ஒன்று, அதற்கு ஏற்ற ஸ்பீக்கர் என்று ஹாலில் வைத்துவிட்டால் தானாக வந்து பக்கத்தில் உட்காருவாள். இதுதான் என் திட்டம். அவளையும் கூட்டிக்கொண்டுதான் கடைக்குப் போனேன்.

பாய் நல்ல மனுஷன். ஸ்க்ரூடிரைவர் விஷயத்தைச் சொன்னதும் சிரிக்கவில்லை. பெட்டி அதிராமல் இருக்கிறதா என்று பார்ப்பது சரியான சோதனைதான் என்று ஒத்துக்கொண்டார். ரிசீவரை நான் எடை பார்த்து எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தூக்கி, கனமாக இருப்பதுதான் வேண்டும் என்றேன். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரில் தாமிரம் இருந்தால் கனக்கும், மோட்டார் வாங்கும்போதும் அப்படித்தானே. அதற்கும் பாய் தலையாட்டினார். ஏழு ஸ்பீக்கர் வேண்டும் என்று நான் குதித்ததற்குத்தான், பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் ஏழு வைத்தால் நீங்கள் இரண்டு பேரும் எங்கே உட்காருவீர்கள் என்று கேட்டார். ஐந்தும், அடிச்சத்தத்துக்கு ஒரு சப்வூஃபரும் போதும் என்று முடிவாயிற்று.

முன்னால் வைக்கும் ஜோடிக்குத்தான் தகராறு. பாய் இரண்டு ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். முதல் ஜோடி கம்பளி போர்த்திக்கொண்டு பாடுவது மாதிரி இருந்தது எனக்கு. இரண்டாவது ஜோடி பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு வார்த்தையும் வந்து விழுந்தது. இதுதான் என்றேன். என் மனைவி நெற்றியைச் சுருக்கிக்கொண்டு ஏதோ சொன்னாள், எனக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல முணுமுணுப்பு. பாய்தான் எடுத்துச் சொன்னார்: அம்மாவுக்கு முதல் ஜோடிதான் பிடித்திருக்கிறது, இரண்டாவது காதைக் கூசுகிறதாம். என் காதைப் பற்றித் தெரியாமல் பேசுகிறாள் என்று நான் பாய்க்குப் பிளாண்ட் கதை இரண்டை அவிழ்த்து விட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நாளைக்கு நானே வந்து மாட்டுகிறேன், பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்.

மறுநாள் காலையில் வந்து எல்லாவற்றையும் மாட்டினார். கடைசியாக ஒரு குட்டி மைக்கை எடுத்து, சோபாவில் நாங்கள் உட்காரும் இடத்தில் ஒரு சின்ன ஸ்டாண்டில் நிறுத்தினார். ரிசீவர் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் ஒரு சத்தம் கொடுக்குமாம், மைக் அதைக் கேட்டு இந்த ஹாலுக்கு ஏற்ற மாதிரி தானே சரிசெய்துகொள்ளுமாம். அதுவரைக்கும் ஒருவரும் மூச்சு விடக்கூடாது என்று எச்சரித்தார்.

சத்தம் ஆரம்பித்தது. தரையில் உருளும் உறுமலாகக் கிளம்பி, மெல்ல மேலே ஏறி, நாதஸ்வரம் மாதிரி ஆகி, விசில் மாதிரி ஆகி, நின்றது. நின்றதும் நான், "முடிஞ்சிதா பாய்?" என்று கேட்டேன். பாய் கையை ஆட்டினார். டிவித் திரையில், சுற்றுப்புறச் சத்தம் அதிகம், மறுபடி முயற்சிக்கவும் என்று வந்தது. நான் விடுவேனா? ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். காலையிலிருந்து துறைமுகத்துக்கு வரிசை கட்டி நிற்கும் கண்டெய்னர் லாரிகளைத் திட்டினேன், ஜன்னல்களை அறைந்து சாத்தினேன், ஃபேனை நிறுத்தினேன், பிரிட்ஜின் பிளக்கையும் பிடுங்கினேன்.

இரண்டாம் தடவை. வியர்வை ஒழுக ஒழுக அசையாமல் நின்றேன். உறுமல், நாதஸ்வரம், விசில், நிசப்தம். இந்த முறை மனசுக்குள் ஒன்று இரண்டு எண்ணிவிட்டுத்தான் கேட்டேன். மறுபடி அதே எழுத்து திரையில். மெஷினே டுபாக்கூர் என்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பாய் என்னையே ஒரு மாதிரி பார்த்தார்.

மூன்றாம் தடவை என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, என் தோளைப் பிடித்து மைக்குக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, என் வாயை உள்ளங்கையால் பொத்தினாள். வெங்காய வாசனை. எத்தனை மாசத்துக்கு அப்புறம் அவள் அந்த சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்று அப்போதே நினைத்துக்கொண்டேன்.

உறுமல் எழுந்தது, நாதஸ்வரமாயிற்று, விசிலாயிற்று, நின்றது. ஆனால் என் வாயிலிருந்து கை எடுபடவில்லை. நான் கண்ணைத் திருப்பிப் பார்த்தேன். அவள் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருந்தாள். பாயின் தோள் காதுவரைக்கும் ஏறியிருந்தது. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே கட்டையில் படுத்திருந்த தெருப் பூனை எழுந்து, காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றது. பூனைக்குக் கேட்கிறது. மூன்று ஜீவனுக்கும் கேட்கிறது. அப்புறம்தான் பாயின் தோள் இறங்கியது, அவள் கையை எடுத்தாள். விசில் எனக்கு மட்டும்தான் முன்னாலேயே நின்றுபோயிருக்கிறது.

மற்ற ஸ்பீக்கர்களும் முடிந்ததும், தெருமுனையில் ஒரு டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று பாய் கிளம்பிவிட்டார். வீட்டிலேயே டீ இருந்தது. அவருக்குத் தெரியாதா என்ன.

நான்தான் ஆரம்பித்தேன். "எத்தினி நாளா தெரியும் உனுக்கு?"

"பிரிட்ஜு கதவு தொறந்துகினு கெடக்கும். அது பீப் பீப்புன்னு கத்தும். நீ அதுங்கிட்டயே நின்னு தண்ணி குடிச்சிகினு இருப்ப. ஆறேழு வருசம் இருக்கும்."

"அப்பவே சொல்றதுக்கு இன்னாமே?"

"சொன்னேன்யா. மொணகாதன்ன."

வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது, மறைக்கவில்லை. ஏலத்தில் கூவி வளர்ந்தவளுக்கு முணுமுணுக்கத் தெரியுமா என்று ஒரே ஒரு நாள் யோசித்திருந்தால் போதும். பேரிங் குண்டில் இருக்கும் கீறலைக் கண்டுபிடிக்கிறேன் என்று காட்டிக்கொள்ளவே காதைக் கொடுத்தவன், அந்தப் பழியைக் கட்டினவள் வாய்மேல் போட்டுவிட்டேன். டிவியை நான் வைத்த சத்தத்துக்கு மாடிக்குப் போகாமல் வேறு எங்கே போவாள்.

பாய் திரும்பி வந்ததும் முதல் ஜோடியையே கொண்டுவரச் சொன்னேன். அது அவருடைய வண்டியிலேயே இருந்தது. நேற்றே எடுத்து வைத்துவிட்டாராம். எமகாதகர். அதை மாட்டி, மறுபடி மைக்கை வைத்து, எல்லாச் சத்தமும் முடியும்வரை நானே என் வாயைப் பொத்திக்கொண்டேன். மறுவாரம் காது டாக்டரிடம் போனேன். மிஷின் வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை வாங்கப் போகும்போது ஸ்க்ரூடிரைவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வரவேண்டும் என்று வீட்டில் உத்தரவு.

பாய் போன அன்றைக்குச் சாயங்காலமே அவளுக்குப் பிடித்த பழைய பாட்டு ஒன்றைப் போட்டேன். எனக்கு அது அதே கம்பளிக்குள்ளிருந்துதான் கேட்டது. கை தானாக ரிமோட்டுக்குப் போனது. சத்தத்தைக் கூட்டாமல் அதை அவள் மடியில் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் பாட்டாவது நிம்மதியாகக் கேட்கட்டும், நான் மாடிக்குப் போகலாம் என்று.

"எங்க போற?" என்றாள். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"எனுக்கு பாதிதான் கேக்குது."

அவள் ரிமோட்டைத் தூரமாக வைத்துவிட்டு, சோபாவில் பக்கத்து இடத்தைத் தட்டினாள்.

"மீதிய நா சொல்றேன். குந்து."