மூட்டை எண்ணுற மாதிரி எண்ணினார்

பேய், ஆவின்னு யாராவது ஆரம்பிச்சா "அதுக்கு ஆதார் கார்டு இருக்குதாங்க?"ன்னு கேட்டுக் கூட்டத்தைச் சிரிக்க வைக்கிற ஆள் நான். நாற்பத்தொன்பது வயசு வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன். குன்னூரில் என் நோட்டுப்புத்தகக் கடைக்கு வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். அதனால் இப்போது சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. கோபப்படத் தெம்பும் இல்லை.

எங்க மாமனார் போன ஜூன் மாசம் தவறினார். எழுபத்தாறு வயசு. நாற்பது வருஷம் கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்ட மனுஷன். நிலத்தை என் மச்சான் சரவணன் கையில் கொடுத்துட்டு, ஊட்டியில் பெர்ன்ஹில் பக்கம் சின்னதா ஒரு வீட்டைக் கட்டிட்டு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பது பேச்சுக்கு. எழுபதாவது வயசில் நீச்சல் கத்துக்கிட்டார். எழுபத்திரண்டில் யாருக்கும் சொல்லாமல் பழைய புல்லட்டை எடுத்துக்கிட்டுச் சேரம்பாடி வரைக்கும் போய், அங்கிருந்து போன் பண்ணி, "மாப்ள, ஒண்ணும் பயப்படாதீங்க, காத்து வாங்க வந்தேன்"ன்னார். காத்து ஊட்டியில் கிடைக்காதாக்கும்!

ஆனால் தனியாப் போனது அந்த ஒரு தடவைதான். மத்தபடி எங்கே போனாலும் எல்லாரையும் ஜீப்பில் அள்ளிப் போடணும் அவருக்கு. ஓட்டுறது நான். அவர் பின்னாடி நின்று ஆள் எண்ணுவார். கேரட் மூட்டை லாரியில் ஏற ஏற, பக்கப் பலகையில் மோதிர விரலால் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு தட்டு தட்டுவாராம், கணக்கு சரியா இருந்தா கடைசியில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு அறை. அந்த அறை விழுந்தால்தான் லாரி கிளம்பும். சரவணன் அஞ்சு வயசில் மேட்டுப்பாளையம் மண்டியில் சாக்கு நடுவில் தூங்கிப்போக, இவர் மறந்து குன்னூர் வரைக்கும் வந்து, திரும்ப ஓடிப்போய்த் தூக்கிட்டு வந்தாராம். அன்றிலிருந்து குடும்பத்தையும் மூட்டை மாதிரியே எண்ண ஆரம்பிச்சுட்டார்.

ஜீப்பின் பின்கதவுத் தகரத்தில், வெள்ளி மோதிரத்தால், டக், டக், டக். ஆள் குறைந்தால் நிறுத்திட்டு மறுபடி முதலில் இருந்து. எல்லாரும் ஏறினதும் கடைசியாகத் தனக்கு ஒரு டக். அப்புறம் ஓங்கி ஒரு அறை, வந்து முன்சீட்டில் ஏறிக்குவார். டிரைவரை மட்டும் எண்ண மாட்டார். "ஓட்டுறவன் இல்லாம வண்டி எப்படி மாப்ள நகரும், அவனை எதுக்கு எண்ணோணும்?" இருபத்திரண்டு வருஷம் ஓட்டியிருக்கேன், எனக்குன்னு ஒரு தட்டு விழுந்ததில்லை.

பதினாறாம் நாள் காரியத்தை முடிச்சுட்டு, பவானி ஆத்தில் சாம்பலைக் கரைக்க மேட்டுப்பாளையம் போனோம். சரவணன் குடும்பம் அவன் காரில். ஜீப்பில் நான், என் மனைவி கலா, பொண்ணு நித்யா, என் மாமியார். பதினாறு நாளா வந்தவங்களுக்கு டீ ஊத்தி, செருப்பு அடுக்கி, "எப்படிங்க ஆச்சு?"ங்கிறதுக்கு ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி, அழுகை வந்தாக்கூட அப்புறம் வான்னு சொல்லிடுவேன், அவ்வளவு அலுப்பு.

திரும்பி வரும்போது மதியம் மூணு மணிக்கு, மலை ரோட்டில் பர்லியாரில் டீக்கு நிறுத்தினோம். பலாப்பழ சீசன். பழக்கடைக்காரர் அவசர அவசரமாகப் படுதாவை இறக்கிக்கிட்டு, "மேல யானை நிக்குதுங்க, சீக்கிரம் கிளம்புங்க"ன்னார். மழை வேற பிடிச்சுக்கிச்சு. ஆளாளுக்கு ஓடி ஏறினோம். சரவணன் கார் முன்னால் போயிடுச்சு.

"அத்தை எங்கே?"ன்னு கேட்டேன்.

"அண்ணன் கார்ல ஏறியிருப்பாங்க. ஜீப்பு இடுப்பு வலிக்குதுன்னு வரும்போதே சொன்னாங்கல்ல"ன்னா கலா.

சரின்னு சாவியைத் திருப்பினேன். பின்னாடி டக், டக்.

நித்யா விளையாடுறான்னு நினைச்சேன். கண்ணாடியில் பார்த்தா அவ காதில் ஹெட்போனோட வாயைத் திறந்து தூங்குறா. மழைத்துளியா இருக்கும்னு கிளம்பிட்டேன். ரெண்டு கொண்டை ஊசி தாண்டி, எதிரே இறங்குற லாரி திரும்ப முடியாமல் நிற்க, நானும் நின்றேன். டக், டக். கதவு ஆணி கழண்டிருக்கும்னு மெக்கானிக்கை மனசுக்குள்ள திட்டினேன். பாவம், நல்ல மெக்கானிக்.

இன்னும் கொஞ்ச தூரம் மேலே, மண் சரிந்த இடத்தில் வண்டிகளை வரிசையில் நிறுத்தியிருந்தாங்க. எஞ்சினை அணைச்சேன். டக், டக். இப்போ மழை இல்லை, ஆட்டம் இல்லை, ஒண்ணும் இல்லை. மோதிரம் தகரத்தில் படுற சத்தம். எனக்குத் தெரியாதா அது! முருகா முருகான்னு சொல்ல வாயைத் திறந்தா, நம்புங்க நம்பாமப் போங்க, எனக்கு வந்தது ஏபிசிடி. எஃப் வரைக்கும் சத்தமாச் சொன்னேன். கலா என் நெத்தியைத் தொட்டுப் பார்த்தா.

அப்புறம்தான் உறைச்சது. தட்டு இருக்கு, அறை இல்லை. மூணு தடவையும் ரெண்டோட நின்னு, முதலில் இருந்து எண்ணுறார்.

"கலா, அத்தை உங்க அண்ணன் கார்ல ஏறினத நீ கண்ணால பாத்தியா?"

"பாக்கலீங்க... ஏறியிருப்பாங்கன்னு..."

அவ போனை எடுத்தா, சிக்னல் இல்லை. அவங்க அம்மா போன் அவ பையிலேயே கிடக்குது. அந்த ரோட்டில் யாரும் திருப்பாத இடத்தில் ஜீப்பைத் திருப்பினேன். பின்னாடி நின்ன வண்டிக்காரங்க என் அம்மா வரைக்கும் போய் வாழ்த்தினாங்க. வாங்கிக்கிட்டேன்.

பர்லியாரில் ஒரு ஈ காக்கா இல்லை. கடையெல்லாம் மூடிக் கிடந்தது. நான் ஹாரன் அடிக்கப் போக, கலா கையைப் பிடிச்சுக்கிட்டா. மேட்டில் எங்கேயோ மரக்கிளை முறியுற சத்தம். அப்புறம் பலாப்பழம் பொத்துன்னு விழுற சத்தம். கடைகளைத் தாண்டி, வளைவில், ரோட்டோரக் கட்டைச் சுவரில் தலையில் முந்தானையைப் போட்டுக்கிட்டு என் மாமியார் உட்கார்ந்திருந்தாங்க, மடியில் ஒரு பை மங்குஸ்தான். அந்தப் பக்கம் வந்தா மாமா அவங்களுக்குன்னு அதை வாங்காமல் வரமாட்டார். இவங்க அவருக்காக வாங்கப் போயிருக்காங்க.

கைத்தாங்கலா ஏத்தினோம். பயமே இல்லை அந்த முகத்தில், கோபம்தான்.

"ஏனுங் மாப்ள, மூணு வாட்டி எண்ணுனாரு. உங்க காதுல விழுவலயாக்கு?"

மூணு வாட்டின்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. கலாகிட்டக் கூட. ஏபிசிடி சொல்றதுக்கே நேரம் சரியாப் போயிடுச்சு.

சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன். வந்தது. டக், டக், டக். ஒரு இடைவெளி. அப்புறம் உள்ளங்கை அறை, ஜீப்பே அதிர. நித்யாகூட முழிச்சுக்கிட்டா. தனக்குன்னு தட்டுற அந்தக் கடைசித் தட்டு மட்டும் வரவே இல்லை. மலை ஏறுற வரைக்கும் கண்ணு மறைச்சுது எனக்கு. வைப்பர் போட்டும் மறைச்சுது. பதினாறு நாளா அப்புறம் வான்னு சொன்னது அன்னிக்குத்தான் வந்தது.

இதோட முடிஞ்சிருந்தா பரவாயில்லை. கடைக்கு வர்றவங்ககிட்டச் சொல்லி நானே சிரிச்சிருப்பேன்.

மாமாவோட ஜீப்பை நிறுத்த இடமில்லைன்னு சரவணன் என்னிடமே விட்டுட்டான். போன வாரம் மாமியாருக்கு மாத்திரை கொடுத்துட்டுப் பெர்ன்ஹில்லில் இருந்து கிளம்பினேன். காலை பதினோரு மணி, பளிச்சுன்னு வெயில். வண்டியில் நான் மட்டும்தான். சாவியில் கை வெச்சேன்.

பின்கதவில் டக். ஒண்ணே ஒண்ணு. அப்புறம் அறை.

குன்னூர் வர்ற வரைக்கும் இடது பக்க முன்சீட்டைத் திரும்பிப் பார்க்காமலே ஓட்டினேன். டிரைவரை அவர் எண்ண மாட்டாருங்க.