சம்மதம் இல்லை வேறு யோசனை

மல்லசமுத்திரம் அர்த்தநாரி பாதி வாழ்க்கையை ரிக் வண்டியோடு வடக்கே கழித்தவர். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஒரு காட்டில் ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொண்டே திருச்செங்கோட்டு முதலாளிக்குச் செய்தி அனுப்புவார். 'முந்நூறு அடி பாறை தண்ணி இல்லை டீசல் அனுப்பு.' அவ்வளவுதான். முதலாளிக்குப் புரிந்தது, டீசலும் வந்தது. எழுத்தில் புள்ளி, கால்புள்ளி எல்லாம் வேலையில்லாதவர்கள் வைப்பது என்று அப்போதே முடிவுகட்டிவிட்டார்.

வேலையை விட்டு ஊர் திரும்பி, கடலைக் காடும் நாலு மேச்சேரி ஆடுமாக உட்கார்ந்த பிறகு அவருக்கு ஒரு புது வியாதி பிடித்தது. கவிஞர் ஆகிவிட்டார். சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் காலை வணக்கம், பிறந்தநாள், கல்யாணம், காதுகுத்து என்று எதையும் விடமாட்டார். நேராக எழுதினால் சப்பென்று இருக்கிறது என்று வார்த்தைகளைத் தலைகீழாகத் திருப்பிப் போடுவார். 'வந்தது பொங்கல் தந்தது மகிழ்ச்சி' என்று எழுதிவிட்டு, யாராவது கைதட்டும் படம் போடுகிறார்களா என்று பல் விளக்கும்போதும் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒரு கல்யாணத்துக்கு 'மணமக்களை மனமாற வாழ்த்துகிறேன்' என்று எழுதினார். பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்தும் கொழுந்தியாள் அறிவுச்செல்வி உடனே கூப்பிட்டாள்.

"மாமா, அது மனமார-ங்க. சின்ன ர. நீங்க போட்டதுக்கு மனசு மாறிப் போறதுன்னு அர்த்தமுங்க."

"புரிஞ்சா செரி உடு புள்ள. தாலி கட்டியாச்சு, இனி யாரு மனசு மாறப் போவுது?" என்று சிரித்தார் அர்த்தநாரி. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் தன் கன்னத்தில் தானே ஒன்று வைத்துக்கொள்ளலாம் போலிருக்கும் அவருக்கு.

அவர் மகள் மைதிலி சேலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்த்தாள். ராசிபுரம் பக்கத்து லாரி முதலாளி தனபாலின் மகன் சிவபிரகாஷுக்குக் கேட்டு வந்தார்கள். திருச்செங்கோட்டு மலையில் இரண்டு குடும்பமும் சந்தித்தன. பிள்ளைகள் இருவரும் ஓரமாக நின்று கொஞ்ச நேரம் பேசினார்கள். இறங்கி வரும்போது மைதிலி செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்தே அம்மா வசந்தாமணிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "புடிச்சிருக்குதுங்க. தனபாலுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போடுங்க" என்றாள்.

போனில் சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். ஆனால் சம்பந்தி ஆகப்போகிறவருக்குத் தன் எழுத்தின் அருமை தெரிய வேண்டாமா? கட்டிலில் சாய்ந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினார்.

'வணக்கம் தங்கள் மகனைக் கண்டதில் மகிழ்ச்சி எங்களுக்குச் சம்மதம் இல்லை வேறு யோசனை தம்பியை மனமாற வாழ்த்துகிறேன் மற்றவை ஆண்டவன் விருப்பம்'

இரண்டு தடவை படித்துப் பார்த்தார். அவருக்கே உடம்பு சிலிர்த்தது. அனுப்பிவிட்டார்.

அங்கிருந்து ஒரே வார்த்தை பதில் வந்தது. ஆங்கிலப் பெரிய எழுத்தில் ஓகே, பக்கத்தில் ஒரு முற்றுப்புள்ளி.

அந்த வாரம் வீட்டுக்கு வந்திருந்த மைதிலி அதைப் பார்த்து முகம் சுருங்கினாள். "என்னங்கப்பா இது? பெரிய எழுத்துல போட்டா கத்தற மாதிரி. புள்ளி வேற வெச்சிருக்காரு. கோவமா இருக்காருங்களா?"

"புள்ளி வெச்சாக் கோவமா? நல்ல கதையா இருக்குதே! லாரிக்காரரு கண்ணு, சுருக்கமாத்தான் பேசுவாரு."

அதற்கு முன்னால் தான் என்ன எழுதினார் என்று மகளுக்குக் காட்டவில்லை. கல்யாணத்தன்று மேடையில் படித்துக் காட்டலாம் என்று வைத்திருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, நிச்சயத்துக்கு நாள் பேசலாம் என்று வெற்றிலை, வாழைப்பழம், பூவோடு கணவனும் மனைவியும் ராசிபுரம் கிளம்பினார்கள். தனபாலுக்குப் போன் அடித்தார், எடுக்கவில்லை. "லோடு விஷயமா அலைவாரு. வண்டியில ஏறு" என்றார் அர்த்தநாரி.

தனபால் வீட்டு வாசலில் வேறு இரண்டு கார்கள் நின்றன. உள்ளே கூடம் நிறைய ஆட்கள். நடுவில் ஒரு தட்டு. அதிலும் வாழைப்பழம்தான், இவர்களுடையதைவிடப் பெரிய சீப்பு. ஆத்தூர்ப் பக்கமிருந்து ஒரு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வந்திருந்தார்கள்.

தனபால் எழுந்து நின்றார். "வாங்க" என்றார். குரலில் ஈரமே இல்லை.

"என்னங்க இது?" என்றார் அர்த்தநாரி. "எங்களுக்கு வாக்குக் குடுத்துப்போட்டு, இன்னொரு எடத்தை உக்கார வெச்சிருக்கீங்க?"

"வாக்கா? வேண்டாம்னு எழுதுனது நீங்க. இப்பத் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்கறதும் நீங்க. எங்களைப் பாத்தா எப்படித் தெரியுதுங்க?"

"நானா? வேண்டாம்னா?" அர்த்தநாரி போனை உருவி, தொண்டையைச் செருமிக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஏற்ற இறக்கத்தோடு படித்தார். "எங்களுக்குச் சம்மதம்!" என்று நிறுத்தி, கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்து, "இல்லை வேறு யோசனை!" என்று முடித்தார்.

தனபால் தன் போனை எடுத்தார். எந்த ராகமும் இல்லாமல் படித்தார். "எங்களுக்குச் சம்மதம் இல்லை. வேறு யோசனை. தம்பியை மனம் மாற வாழ்த்துகிறேன். மற்றவை ஆண்டவன் விருப்பம்." நிமிர்ந்து பார்த்தார். "மனசை மாத்திக்கச் சொல்லி எம்பையனை வாழ்த்தி வேற அனுப்பியிருக்கீங்க. இதுக்கு ஓகேன்னு போடாம வேற என்னத்தைங்க போடறது?"

கூடத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆத்தூர்க்காரர்களில் மூத்த அம்மாள் ஒருத்தி போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே வைத்துப் படித்துவிட்டு, "ரெண்டு மாதிரியும் வருதே!" என்றாள் வியப்போடு.

வசந்தாமணி அப்போதுதான் அந்தச் செய்தியைக் கேட்கிறாள். கணவனை ஒரு பார்வை பார்த்தாள். வடக்கே எத்தனையோ பாறையைத் துளைத்தவர், அந்தப் பார்வைக்கு முன்னால் பொடியாகிப் போனார். "தப்பு எம்பேர்லதானுங்க" என்று தனபாலிடம் கைகூப்பினார். "பெரிய எழுத்தாளன்னு நெனச்சுட்டு எழுதிப்போட்டேன். போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கோணும்."

ஆத்தூர்க்காரர் ஒருவர் எழுந்தார். "இதை மொதல்ல நீங்க பேசி முடிங்க. நாங்க கெளம்பறோம்" என்றார். காபிகூடக் குடிக்காமல் போகிறவர்களுக்கு வாசல்வரை போய் வசந்தாமணி தங்கள் தட்டிலிருந்த வெற்றிலை, பூ, பழம் எல்லாவற்றையும் கொடுத்தனுப்பினாள். அர்த்தநாரிக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. பின்னொரு நாள் அவர்கள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

தனபால் உடனே இறங்கி வரவில்லை. "பையனைக் கேக்கோணும். அவனுக்குத்தான் மனசு ஒடஞ்சு போச்சு" என்றார். அர்த்தநாரி மகளைப் போனில் கூப்பிட்டு, தட்டுத்தடுமாறி நடந்ததைச் சொன்னார்.

"அப்பா," என்றாள் மைதிலி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போனை அவருகிட்டக் குடுங்க."

உள்ளறையிலிருந்து வந்த சிவபிரகாஷ் போனை வாங்கிக்கொண்டு வெளியே முருங்கை மரத்தடிக்குப் போனான். திரும்பி வரும்போது காது இரண்டும் சிவந்திருந்தன. "என்னப்பா சொல்லுச்சு?" என்றார் தனபால்.

"திட்டுச்சுங்கப்பா. அவங்கப்பா எழுதுனா எழுதட்டும், எனக்கு ஒரு போன் போட்டுக் கேக்கத் தெரியாதான்னு." சொல்லும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தனபாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். வசந்தாமணி காலித் தட்டை நிமிர்த்தி வைத்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அழைப்பிதழைத் தொடக்கூட அர்த்தநாரியை விடவில்லை; அறிவுச்செல்வி எழுதி, அச்சுக்குப் போகுமுன் வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்து உரக்கப் படித்துக் காட்டினாள். மேடையில் மாமனார் கவிதை வாசிக்கலாமா என்று கேட்டதற்கு, பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரே குரலில் "வேண்டாமுங்க" என்றார்கள்.

அர்த்தநாரி எழுதுவதை விட்டுவிட்டாரா என்றால், இல்லை. இப்போது புள்ளி வைக்கிறார். கொஞ்சம் கூடுதலாகவே வைக்கிறார். 'நாளை. காலை, ராசிபுரம், வாரோம். இட்லி, போதும்.' என்று போன வாரம் தனபாலுக்கு அனுப்பினார். உடனே போன் வந்தது.

"ஏனுங்க சம்பந்தி, இட்லி போதும்னா, இட்லி மட்டும் சுட்டாப் போதுங்களா, இல்ல இட்லி தின்னு சலிச்சுப் போச்சுங்களா?"

அர்த்தநாரி தன் செய்தியை ஒரு தடவை மெதுவாக வாய்விட்டுப் படித்துப் பார்த்தார்.

"அட, ரெண்டு மாதிரியும் வருதுங்களே" என்றார்.