பல் டாக்டரும் பபிள்கம் பையனும்

ஊரார் பல்லில் ஒட்டிய மிட்டாயைச் சுரண்டிப் பிழைக்கும் பல் டாக்டருக்கு, பழைய பபிள்கம் உறைத் தாள்களைச் சேர்ப்பதென்றால் உயிர். அதிலும், பலூன் போலக் கம்மை ஊதிக்கொண்டு நிற்கும் ஆறு விரல் பையன் படம் போட்ட தாள் அவர் தூக்கத்தையே கெடுத்தது. யார் வரைந்தது, எங்கே அச்சடித்தது என்று அதில் ஓர் எழுத்து இல்லை. பழைய பேப்பர் கடையெல்லாம் ஏறி இறங்கியும் துப்புக் கிடைக்கவில்லை.

வாயைத் திறந்து வைத்திருப்பவர் வேண்டாம் என்று சொல்ல முடியாதே! அதனால் வரும் நோயாளிக்கெல்லாம் தாளைக் காட்டிக் கதை சொல்வார். அன்று மாட்டியவன், ஓசி வைத்தியத்துக்கு வந்த மச்சினன். பாதி துளைத்த பல்லோடு, டாக்டரின் முதுகுப் பக்கம் கையை நீட்டி நீட்டி முனகினான்.

"வலிக்குதா? கொஞ்சம் பொறுடா."

அவன் பஞ்சைத் துப்பினான். "வலி கிடக்குது மாமா! உங்க ஆறு விரல் பய பின்னாடி சுவத்துல நின்னு அழறான்!"

டாக்டர் திரும்பினார். கிளினிக்கை வாங்கியபோதே அங்கிருந்த படம். 'இனிப்பு பல்லுக்குக் கேடு' என்ற வரியின் கீழ் அதே பையன், வீங்கிய கன்னத்தைப் பிடித்த கையில் அதே ஆறு விரல். ஓரத்தில் அச்சகத்தின் முகவரி. நாற்காலியில் சாய்பவர் பார்க்கவென்று மாட்டிய படத்துக்கு முதுகைக் காட்டியே தலை நரைத்தவர், வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்.

"அடப்பாவி, கெடுத்ததும் நீ, புத்தி சொன்னதும் நீயா!" என்று படத்தைக் கொஞ்சிவிட்டு, கையுறையோடு படியிறங்கினார்.

"மாமா, என் பல்லு?"

"அது எங்கடா போகப்போகுது? அச்சகத்தைச் சாத்திடுவான்!"