ஒரு மிடறு தண்ணீர்

நற்கருணையை எங்கள் கரையில் ‘நன்மை’ என்போம். முதல் நன்மை வாங்குகிற நாள் ஒரு பிள்ளைக்குப் பாதிக் கலியாணம் மாதிரி. முல்லைத்தீவுக் கரையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவில் இருந்த எங்கள் ஊரில் அது வருடத்துக்கு ஒருமுறை, கோயில் திருநாளன்று மட்டும்தான். பங்குச் சுவாமியார் பட்டினத்தில் இருந்தார். மாதத்துக்கு ஒருதரம் பூசைக்கு வருவார். மிச்ச நாளெல்லாம் கோயில் உபதேசியாரின் கையில். எங்களுக்கு மந்திரம் சொல்லித் தந்தவரும், பிரம்பு வைத்திருந்தவரும் அவர்தான்.

நடுச்சாமத்துக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் பல்லில் படக்கூடாது என்பது அவர் சொல்லித் தந்த முதல் பாடம். விழுங்கிவிட்டு நன்மை வாங்கினால் தேவதுரோகம். அதை மறைத்தால் இரட்டைத் தேவதுரோகம். ஒன்பது வயதில் நான் இதையெல்லாம் அப்படியே நம்பினேன்.

திருநாள் காலை கிணற்றடியில் வாய் கொப்புளிக்கும்போது ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. அம்மாவிடம் சொல்லவில்லை. அவர் என் வெள்ளைச் சட்டைக்குக் கடைசித் தையல் போட்டுக்கொண்டிருந்தார். அப்பா அன்றைக்கு வலைக்குப் போகாமல் வேட்டி கட்டி நின்றார். திருநாளைத் தவிர வேறு நாளில் அவரை நான் வேட்டியோடு கண்டதில்லை.

கோயில் வாசலில் எங்களை வரிசையாக நிறுத்தி, யாராவது ஏதாவது விழுங்கினீர்களா என்று உபதேசியார் கேட்டார். எனக்கு முன்னால் நின்றவள் என் மாமியின் மகள். அவள் விடியவே தேத்தண்ணீர் குடித்ததை என் கண்ணால் கண்டிருந்தேன். அவள் வாய் திறக்கவில்லை. நான் திறந்தேன்.

“வாய் கொப்புளிக்கேக்க கொஞ்சத் தண்ணி உள்ளுக்குப் போட்டுது.”

“அப்ப நீ பின்னால போய் நில். வாற வருசம் பாப்பம்.”

அவ்வளவுதான். பூசை முழுக்கப் பெண்கள் பக்கத்தில், பூமுடியும் வலை முக்காடும் வைத்த தலையோடு, அம்மாவுக்குப் பக்கத்தில் நின்றேன். அம்மா என்னைக் கேட்டது ஒன்றுதான்: அதை ஏன் சொன்னாய்? மாமியின் மகள் கைகூப்பியபடி திரும்பி வந்தாள், வானத்துச் சம்மனசு மாதிரி.

அடுத்த மாதம் பூசைக்கு வந்த சுவாமியாரிடம் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு போய் நடந்ததைச் சொன்னார். உபதேசியாரும் நின்றார். சுவாமியார் நெற்றியைச் சுருக்கினார்.

“தண்ணியால உபவாசம் முறியாது. பாப்பரசர் சொல்லி எவ்வளவு காலம். உபதேசியாருக்கும் சொன்னனானே.”

“தெரியும் சுவாமி,” என்றார் உபதேசியார், கொஞ்சமும் கூசாமல். “தண்ணிக்கு விட்டால் நாளைக்குத் தேத்தண்ணி குடிச்சிட்டு வருங்கள். அதுதான் நான் சொல்லேல்லை.”

சுவாமியார் சிரித்தார். அப்பாவும் கூடச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் செமிக்கவில்லை. சரி, இப்போதே பிள்ளைக்கு நன்மை கொடுப்போமே என்று சுவாமியார் சொன்னார். திருநாளோடு கொடுத்தால்தான் வடிவு என்று உபதேசியார் சொன்னார். பெரியவர்கள் மூன்று பேரும் ஒத்துப்போனார்கள். என்னை ஒருவரும் கேட்கவில்லை.

ஒரு வருடம் முழுக்க, ஒவ்வொரு மாதப் பூசையிலும், என்னிலும் சின்னப் பிள்ளைகள் நன்மை வாங்கப் போவதைப் பார்த்துக்கொண்டு பின்னால் இருந்தேன். ஊருக்குள் நான் ‘தண்ணி குடிச்சவள்’ ஆகிவிட்டேன்.

அடுத்த திருநாள் காலை, குசினியில் தொங்கிய குலையில் கதலிப் பழம் ஒன்றைப் பிய்த்து, ஆறுதலாக உரித்துத் தின்றேன். பசியில்லை. வேண்டுமென்றே தின்றேன். சட்டை கட்டையாகிப் போயிருந்தது. போட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். உபதேசியார் அதே கேள்வியைக் கேட்டு என்னைத்தான் பார்த்தார்.

“இல்லை,” என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. என் தலையில் கை வைத்தார்.

“பாத்தியோ, போன வருசம் மறிச்சபடியால்தான் இந்த வருசம் ஒழுங்கா வந்திருக்கிறாய்.”

சுவாமியார் அப்பத்தை நாக்கில் வைத்தபோது நான் பயந்து நடுங்கியிருக்க வேண்டும். எனக்குச் சந்தோசமாக இருந்தது. அது கர்த்தர் வந்ததால் வந்த சந்தோசம் இல்லை, உபதேசியாரை வென்றதால் வந்தது. முதல் நன்மையில் எனக்குக் கிடைத்தது அது ஒன்றுதான். அதற்காகத்தான் அந்த மனிதரை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.