கரைக்க முடிகிற ஃபில்லர்

சரஸ்வதியம்மாவின் மேலுதடு வெளுத்ததை நான் பார்த்தேன். உடனே சொல்லவில்லை. பாலக்காட்டில் ஒரு தோல் கிளினிக்கில் பதினாறு வருடம் நர்ஸாக இருந்திருக்கிறேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்தச் சில வினாடிகளைப் பற்றித்தான்.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. ஊர் கொழிஞ்சாம்பாறை. ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைப் பிரிவில் இருந்தார்; புது மேனேஜர் அவரைக் குடோனுக்கு மாற்றிவிட்டாராம்.

"என்ர மொகம் கோவமா இருக்கறாப்ல தெரியுதாமுங்க. கஸ்டமருக்குப் புடிக்காதாமா. நான் யாருகிட்டயும் கோவப்பட்டதே இல்லீங்க."

எங்கள் டாக்டர் கல்பாத்திக்காரர். கண்ணாடியைக் கையில் கொடுத்து விளக்கினார். புருவ நடுவில் விழும் கோட்டுக்குப் போடாக்ஸ். அது தசையைத் தளர்த்தும், மூன்று நான்கு மாதம் நிற்கும். மூக்கோரத்திலிருந்து வாய்வரை இறங்கும் மடிப்புக்கு உள்ளே ஜெல் நிரப்ப வேண்டும். அதுதான் ஃபில்லர்.

"அப்ப நெம்ப வருசம் நிக்கறதாப் போடுங்க. அடிக்கடி லீவு கேக்க முடியாதுங்க."

"அதைக் கரைக்க முடியாது, கேட்டேளா? அபூர்வமா ரத்தக்குழாய் அடைச்சுக்கும். அப்போ கரைக்க முடிஞ்சாத்தான் தப்பிக்கலாம். நான் கரையறதைத்தான் போடுவேன். யோசிச்சுட்டு வாங்கோ."

அடுத்த வாரம் அரைமனதாக ஒப்புக்கொண்டு வந்தார். போடாக்ஸ் போட்டாயிற்று. வலப்பக்க ஃபில்லரும் முடிந்தது. இடப்பக்கம் போடும்போது டாக்டரின் கண் ஊசியில் இருந்தது. முகத்தைக் கவனிப்பது என் வேலை. மேலுதடு வெளுத்தது. ஐஸ் வைத்ததால் இருக்கும் என்று நினைத்தேன். இத்தனை அனுபவமுள்ள டாக்டரை இடையில் நிறுத்தவும் தயக்கம். வெளுப்பு மூக்கோரம் வரை ஏறியது.

"டாக்டர், நிறுத்துங்க. வெளுக்குது."

ஊசியை உடனே எடுத்தார். உதட்டை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். ரத்தம் திரும்பவில்லை. அப்படியே விட்டால் அந்த இடத்துத் தோல் செத்துவிடும்.

கரைக்கும் மருந்தை நான் கலக்கத் தொடங்கினேன்.

"ஏனுங்க சிஸ்டர், என்ன ஆச்சுங்க? எனக்கு ஒண்ணும் வலிக்கலியே."

மரத்துப்போகும் மருந்து போட்டிருந்ததால் வலி தெரியாது. டாக்டர் எதையும் மறைக்காமல் நடந்ததைச் சொன்னார். சரஸ்வதியம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மருந்து போட்டு, வெந்நீர்த் துணி வைத்து, ஒரு மணி நேரம் கழித்து மறுபடி போட்டோம். மூன்றாம் முறைக்குப் பிறகுதான் உதட்டில் சிவப்பு திரும்பியது.

அதன்பின் தினமும் வரச்சொல்லிப் பார்த்தோம். கன்றிப்போனது மட்டும் மிச்சம். அதுவும் இரண்டு வாரத்தில் மறைந்தது. கரைத்த பக்கம் மடிப்பு பழையபடி இருந்தது. மறுபடி போடலாமா என்று டாக்டர் கேட்டார்.

"வேண்டாமுங்க. வலப்பக்கம் இருக்கறதும் தானாக் கரையட்டும். இதுக்கா மூஞ்சியப் பறிகுடுக்கப் பாத்தோம்னு மொதலாளிகிட்டயே நேராப் போயிட்டனுங்க. பதினெட்டு வருசம் சேல வித்தவள எதுக்குக் குடோன்ல போட்டீங்கன்னு கேட்டேன். திங்கக்கெழமையில இருந்து மறுக்கா சேலைப் பிரிவுதானுங்க."

வாசல்வரை கூடப் போனேன். மனது கேட்கவில்லை.

"வெளுத்ததை முன்னாடியே பார்த்துட்டேன்மா. சொல்லத் தாமதிச்சுட்டேன்."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அடுத்த ஆளுக்குத் தாமசிக்காதீங்க சிஸ்டர்," என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு முறை ஊசியைப் பாதியில் நிறுத்தச் சொன்னேன். இரண்டு முறையும் வெறும் ஐஸ் குளிர்ச்சிதான். டாக்டர் ஒரு வார்த்தைகூடக் கோபமாகப் பேசவில்லை.